ஏற மறுத்த நாடி

குளவி கொட்டி, ரத்த அழுத்தம் விழும் ஒவ்வாமை அதிர்ச்சியில் துவண்டுபோன ஒருவருக்கு, ஆம்புலன்ஸில் போன நாங்கள் ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு அட்ரினலின் ஊசி போட்டோம். அட்ரினலின் உள்ளே போனால் இதயம் படபடவென்று அடிக்கும் என்பது முதல் வருட மாணவருக்கும் தெரியும். இவருக்கு நாடி இறங்கியது. அந்த முரணுக்குள் அட்ரினலின், இளைப்புக்கான சால்பியூட்டமால், இப்ராட்ரோப்பியம், பிறகு குளுக்ககான் என்று எங்கள் பையில் உள்ள பாதி மருந்துகளின் கதையும் இருக்கிறது. அதனால்தான் இந்த நிகழ்வை விரிவாக எழுதுகிறேன்.

ஆளை அடையாளம் காட்டக்கூடிய எதையும் வைக்கவில்லை. பாடம் நடத்த வசதியாகச் சில விவரங்களை மாற்றித் தொகுத்திருக்கிறேன். அளவுகள் எல்லாம் பெரியவர்களுக்கானவை. அவரவர் பணியிடத்து நெறிமுறையும், போனில் இருக்கும் மருத்துவரின் உத்தரவும் இதற்கு மேல்.

போய்ச் சேர்ந்தபோது

61 வயது ஆண். செடிகளுக்கு நடுவே வேலை செய்துகொண்டிருந்தவரைக் கழுத்தில் இரண்டு இடத்தில் குளவி கொட்டியிருக்கிறது. சில நிமிடங்களில் உள்ளங்கை அரிப்பு, உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி, தலைச்சுற்றல். நாங்கள் வாசலில் இறங்கியது கொட்டிய 17-ஆவது நிமிடம். இந்த எண்ணை வீணாகக் குறிக்கவில்லை. ஒவ்வாமை அதிர்ச்சியில் இறந்தவர்களைப் பற்றிப் பிரிட்டனில் பம்ஃப்ரி என்ற மருத்துவர் ஆராய்ந்து 2000-இல் எழுதினார். மூச்சோ இதயமோ நிற்கும் வரையிலான இடைநிலை நேரம் ஊசி மருந்தால் வந்தவற்றில் 5 நிமிடம், பூச்சி நஞ்சில் 15 நிமிடம், உணவில் 30 நிமிடம் என்று கண்டார். இறந்தவர்களின் கணக்குதான் அது, எல்லாருக்கும் பொருந்தாது. ஆனாலும் 17 என்பது நிதானமாகக் கதை கேட்கிற நேரம் இல்லை.

படிக்கட்டில் முழங்காலில் கையூன்றி முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தார். உதடும் இமையும் வீங்கி, முகம் செக்கச் செவேலென்று இருந்தது. குரல் கரகரத்தது. மூச்சை வெளியே விடும்போது விசில் சத்தம் காதுக்கே கேட்டது, ஸ்டெத் தேவைப்படவில்லை. "நானே நடந்து வந்துடறேன் தம்பி" என்று எழப் பார்த்தார். என் கூட்டாளி தோளை அழுத்தி உட்கார வைத்தார்: "அசையாதீங்க ஐயா, நாங்க தூக்கிக்கிறோம்."

அந்தத் தோள் அழுத்தலும் மருந்துதான். இந்த நிலையில் ரத்தக் குழாய்கள் தளர்ந்து, ரத்தம் காலிலும் வயிற்றிலும் தேங்கிக் கிடக்கும். சட்டென்று எழுந்து நின்றால் இதயத்துக்குத் திரும்பி வருகிற ரத்தம் ஏறக்குறைய நின்றுவிடும். வெறும் அறையை இதயம் பிழிந்துகொண்டிருக்கும். எழுந்து நின்ற, உட்கார்ந்த வேகத்தில் இறந்தவர்களைப் பற்றி அதே பம்ஃப்ரி 2003-இல் தனியாகவே எழுதியிருக்கிறார். இவருக்கு இளைப்பும் இருந்ததால் மல்லாக்கப் படுக்கவும் முடியவில்லை. தலைப்பக்கம் சற்று உயர்த்தி, கால்களை நீட்டித் தூக்கி வைத்தோம். முழுத் திருப்தி இல்லாத ஏற்பாடுதான்.

முதல் அளவீடு: ரத்த அழுத்தம் 74/40, நாடி 64, மூச்சு நிமிடத்துக்கு 30, ஆக்சிஜன் செறிவு 88 சதவீதம், சர்க்கரை 118. கேட்டதற்குப் பதில் சொன்னார், ஆனால் தாமதமாக. ஈ.சி.ஜி.யில் சீரான தாளம்.

இப்போது திரும்பிப் படிக்கும்போது அந்த 64 கண்ணில் குத்துகிறது. அன்று குத்தவில்லை. "பரவாயில்லை, நாடி நல்லாத்தான் இருக்கு" என்று மனதில் ஒரு ஓரமாக வைத்துவிட்டேன். அழுத்தம் 74-க்கு விழுந்த மனிதருக்கு நாடி 120 ஓடியிருக்க வேண்டும். இயல்பான எண் தவறான இடத்தில் வந்தால் அதுவும் ஒரு நோய்க்குறிதான்.

முதல் ஊசி

குளவி நஞ்சு உள்ளே போனதும், ஒவ்வாமையைக் கிளப்பும் மாஸ்ட் செல்கள் வெடித்து ஹிஸ்டமின், டிரிப்டேஸ், லியூக்கோடிரையீன் என்ற வேதிப்பொருள்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டுகின்றன. விளைவு மூன்று. குழாய்கள் அகலமாகின்றன. குழாய்களின் சுவர் ஒழுகத் தொடங்குகிறது. கடுமையான நிகழ்வில் ரத்தத்தின் நீர்ப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கு வரை 10 நிமிடத்துக்குள் திசுக்களுக்குள் கசிந்துவிடலாம். மூச்சுக் கிளைகள் சுருங்குகின்றன. மூன்றுக்கும் ஒரே ஊசியில் பதில் சொல்வது அட்ரினலின் மட்டும்தான்.

எப்படி? 1948-இல் அல்க்விஸ்ட் என்ற மருந்தியல் ஆய்வாளர், இந்த ஹார்மோன் உட்காரும் ஏற்பிகள் ஒரே வகை அல்ல, ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு என்றார். ரத்தக் குழாய்ச் சுவரில் உள்ள ஆல்ஃபா-1 ஏற்பியில் உட்கார்ந்தால் தசைக்குள் கால்சியம் ஏறி, குழாய் இறுகும்; வீக்கம் வடியும், அழுத்தம் ஏறும். இதயத்தில் உள்ள பீட்டா-1 ஏற்பியில் உட்கார்ந்தால் துடிப்பின் வேகமும் வலுவும் கூடும். மூச்சுக் கிளைகளில் உள்ள பீட்டா-2 ஏற்பியில் உட்கார்ந்தால் தசை தளரும். மாஸ்ட் செல்லின் மேலும் பீட்டா-2 இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் மேற்கொண்டு கொட்டுவது குறையும். ஆண்டிஹிஸ்டமின் ஊசிகள் கொட்டிய ஹிஸ்டமினைத் தடுக்கும், அவ்வளவே. கொட்டுகிற குழாயை மூடப் பார்ப்பது அட்ரினலின்.

பீட்டா ஏற்பிக்குள் நடப்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், பின்னால் வரும் எல்லாமே அதில்தான் தொங்குகிறது. அட்ரினலின் செல்லுக்குள் போவதே இல்லை. வெளியே ஏற்பியில் உட்காருகிறது. ஏற்பியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஜி புரதம் விழித்துக்கொண்டு, பக்கத்திலுள்ள அடினைலைல் சைக்லேஸ் என்ற நொதியைத் தட்டி எழுப்புகிறது. அந்த நொதி சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சிறு மூலக்கூறை உற்பத்தி செய்து தள்ளுகிறது. செல்லுக்குள் சேதி கொண்டுபோவது இந்த மூலக்கூறுதான். வேடிக்கை என்னவென்றால், இதயத் தசையில் இதே சேதி போனால் கால்சியம் வழிகள் கூடுதலாகத் திறந்து, தசை இன்னும் பலமாகச் சுருங்குகிறது. மூச்சுக் கிளையின் தசையில் இதே சேதி போனால் தசை தளர்கிறது. உத்தரவு ஒன்று, கேட்கிற ஆளைப் பொறுத்து வேலை நேரெதிர்.

0.5 மி.கி. அட்ரினலின், தொடையின் வெளிப்பக்க நடுப்பகுதியில், தசைக்குள். கால்சட்டையைக் கிழிக்கவில்லை, நேரம் இல்லாதபோது துணியின் மேலேயே போடலாம். ஏன் தொடை? அங்கே தசை பெரிது, ரத்த ஓட்டம் அதிகம். குழந்தைகளிடம் செய்து 1998-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், தொடைத் தசையில் போட்ட மருந்து ரத்தத்தில் உச்சத்தை எட்ட சராசரியாக 8 நிமிடம் ஆனது. தோலுக்கடியில் போட்டது 34 நிமிடம் எடுத்துக்கொண்டது. தோலடியில் அட்ரினலின் தன் பக்கத்துக் குழாய்களையே இறுக்கி, தான் வெளியேறும் வழியைத் தானே அடைத்துக்கொள்கிறது.

இங்கே ஒரு புலம்பல். இந்த மருந்து இரண்டு செறிவில் வருகிறது: 1 மி.லி.யில் 1 மி.கி., 10 மி.லி.யில் 1 மி.கி. முன்னதை '1:1000' என்றும் பின்னதை '1:10,000' என்றும் அச்சிடுவது பழைய வழக்கம். பதற்றத்தில் இருக்கிறவன் கண்ணுக்குப் பூஜ்யங்கள் ஒன்றுபோலவே தெரியும். தவறினால் பத்து மடங்கு. தசைக்கான அளவை அப்படியே நரம்பில் (அதாவது ரத்த நாளத்தில்) தள்ளிவிட்டால் இதயத் தாளம் தாறுமாறாகும், அழுத்தம் எகிறும். அமெரிக்காவில் 2016 முதல் இந்த விகித எழுத்து லேபிள்களில் இருந்து எடுக்கப்பட்டுவிட்டது. எல்லா இடத்திலும் எடுத்தால் நல்லது. நாங்கள் ஆம்பூலை உடைக்கும் முன் "ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம், அரை மில்லி எடுக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்வோம், மற்றவர் ஆமோதிப்பார். புதிதாக வருகிறவர்களுக்கு இது சடங்கு மாதிரித் தெரியும்.

கூடவே முகமூடி வழியாக நிமிடத்துக்கு 15 லிட்டர் ஆக்சிஜன், முழங்கை மடிப்பில் மருந்து செலுத்த 18 கேஜ் கேனுலா என்ற குழாய், 500 மி.லி. சலைன் வேகமாக.

ஐந்தாவது நிமிடம்

உதட்டு வீக்கம் லேசாக வற்றியிருந்தது. முகச் சிவப்பும் கொஞ்சம் மங்கியது. ஆனால் விசில் சத்தம் அப்படியே. அழுத்தம் 80/58. நாடி 58.

"அண்ணே, பல்ஸ் ஏறலையே?" என்றார் கூட்டாளி. என்னைவிட எட்டு வயது இளையவர். அவர்தான் முதலில் சொன்னார் என்பதைப் பதிவு செய்துவிடுகிறேன்.

இரண்டாவது 0.5 மி.கி. மறு தொடையில். நெபுலைசரில் சால்பியூட்டமால் 5 மி.கி. இரண்டாவது சலைன். நெறிமுறைப்படி எல்லாம் சரி. அடுத்த ஐந்து நிமிடத்தில் அழுத்தம் 84/62, நாடி 56, செறிவு 91. நெபுலைசர் புகை முழுவதும் உள்ளே போயும் இளைப்பில் பெரிய மாற்றம் இல்லை.

பிரிட்டனின் 2021 வழிகாட்டுதல் இரண்டு சரியான ஊசிக்குப் பின்னும் மூச்சோ ரத்த ஓட்டமோ தேறாவிட்டால் அதை 'மருந்துக்கு மசியாத' ஒவ்வாமை அதிர்ச்சி என்று வகைப்படுத்துகிறது. அதற்கு மேல் அட்ரினலினைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஓட்டுவதும், சலைனைத் தாராளமாகக் கொடுப்பதும்தான் வழி. ஆக, எங்கள் கை இயல்பாகப் போகிற திசை 'இன்னும் கொஞ்சம்' என்பதுதான்.

ஆனால் எண்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் இது மருந்து போதாமல் போன ஆளின் எண்கள் அல்ல. கீழ் அழுத்தம் 40-இலிருந்து 62. அதாவது குழாய்கள் இறுகியிருக்கின்றன, வீக்கம் வற்றியிருக்கிறது. ஆல்ஃபா பக்கத்து வேலை நடந்திருக்கிறது. நாடியும் ஏறவில்லை, மூச்சுக் கிளையும் திறக்கவில்லை. பீட்டா பக்கத்து வேலை ஒன்றுகூட நடக்கவில்லை. மருந்து போய்ச் சேர்ந்திருக்கிறது. பாதிக் கதவுகள் திறக்கவில்லை.

இதை அந்த நிமிடமே இவ்வளவு தெளிவாக யோசித்தேன் என்று சொன்னால் பொய். மூன்று சந்தேகங்கள் கலந்து ஓடின. ரத்தம் அளவுக்கு மீறிக் குறைந்தால் சிலருக்கு இதயம் வேகமாவதற்குப் பதிலாக மெதுவாகும், அதுவா? அப்படியானால் சலைன் போகப் போக நாடி ஏற வேண்டும். ஒரு லிட்டர் முடியும் தறுவாயிலும் ஏறவில்லை. ஒவ்வாமையே இதயக் குழாயைச் சுருக்கி மாரடைப்பு கொண்டுவருவது உண்டு, அதுவா? இரண்டு முறை எடுத்த 12 முனை ஈ.சி.ஜி.யில் அப்படி எதுவும் இல்லை. மூன்றாவது சந்தேகம் மாத்திரை.

தவறாகக் கேட்ட கேள்வி

வந்தவுடனேயே நான் மனைவியிடம் கேட்டிருந்தேன்: "அம்மா, இவருக்கு பிபி, ஹார்ட், சுகர், ஏதாவது மாத்திரை உண்டா?"

"இல்லப்பா, அவருக்கு எந்த வியாதியும் கிடையாது."

ஸ்ட்ரெச்சரை வண்டிக்குள் ஏற்றியபின், இந்த முறை கூட்டாளி வேறு மாதிரி கேட்டார்: "அம்மா, எதுக்குன்னாலும் சரி, இவர் காலையில எழுந்து வாயில போடற எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க."

அந்த அம்மா உள்ளே ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் டப்பாவோடு வந்தார். கால்சியம் மாத்திரை, வயிற்றுப் புண்ணுக்கு ஒன்று, அடியில் பாதி காலியான ஒரு பட்டை. "இது கை நடுக்கத்துக்கு. டீ கிளாஸ் பிடிச்சா ஆடும். இது போட்டதுக்கப்புறம் நல்லா இருக்கு."

ப்ரோப்ரனலோல் 40 மி.கி., தினம் இரண்டு வேளை. காலை மாத்திரை போட்டு மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை.

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. நான் வியாதியின் பெயரைக் கேட்டேன். அவர் வியாதி இல்லை என்றார். நடுக்கம் அவர்கள் கணக்கில் வியாதியே இல்லை. இதே மாத்திரையை ஒற்றைத் தலைவலி வராமல் இருக்கவும், மேடைப் பயத்துக்கும், தைராய்டு படபடப்புக்கும் எழுதுகிறார்கள். கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்தும் இதே குடும்பம்தான். கண்ணில் விட்டது கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்குப் போய், கல்லீரலைத் தொடாமல் நேராக ரத்தத்தில் கலக்கும். கண் சொட்டு மருந்தை யாரும் 'மாத்திரை' என்று எண்ணுவதில்லை.

அடைத்த கதவு

ப்ரோப்ரனலோலை ஜேம்ஸ் பிளாக் என்ற பிரிட்டன் ஆய்வாளர் 1960-களில் உருவாக்கினார். 1988-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். நெஞ்சுவலிக்காரரின் இதயம் அட்ரினலினைக் கேட்டுக் கேட்டுத் தவிக்காமல் இருக்க வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். இந்த மூலக்கூறு பீட்டா ஏற்பியில் அட்ரினலின் உட்காருகிற இடத்திலேயே போய் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் கதவைத் திறக்காது. மெட்டோப்ரோலால் போன்றவை பெரும்பாலும் இதயத்து பீட்டா-1-ஐ மட்டும் குறிவைப்பவை. ப்ரோப்ரனலோல் பாகுபாடு பார்க்காது. பீட்டா-1, பீட்டா-2 இரண்டையும் அடைக்கும். எங்கள் நோயாளியின் இதயமும் மூச்சுக் கிளையும் ஒருசேரக் கேட்காமல் போனதற்குக் காரணம் அதுதான். சால்பியூட்டமால் தோற்றதற்கும் அதுவே காரணம். அதுவும் பீட்டா-2 கதவைத்தான் தட்டுகிறது.

சரி, போட்டிதானே, அட்ரினலினை அதிகமாக்கினால் ப்ரோப்ரனலோலைத் தள்ளிவிட்டு உட்காராதா? உட்காரும். கொள்கைப்படி அது முடியும். ஆனால் அடைபடாத ஆல்ஃபா ஏற்பிகள் அந்தக் கூடுதல் மருந்தை முழுசாக வாங்கிக்கொள்ளும். குழாய்கள் கண்டபடி இறுகும், இறுகிய குழாய்க்கு எதிராக வலு கூடாத இதயம் பிழிய வேண்டும், அழுத்தம் தாவினால் அனிச்சையாக நாடி இன்னும் இறங்கும். அந்த 64, 58, 56 என்ற இறங்குமுகத்தில் இதன் சாயல் கொஞ்சம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். இதற்காக அட்ரினலினை நிறுத்தக் கூடாது. வீக்கமும் கசிவும் அடங்க ஆல்ஃபா வேண்டும். அது மட்டும் போதாது என்பதே விஷயம்.

இளைப்புக்குக் கைவசம் இருந்த வேறு வழி இப்ராட்ரோப்பியம். மூச்சுக் கிளைகளைச் சுருக்குகிற வேகஸ் நரம்பின் சேதியை, அதாவது அசிட்டைல்கோலினை, மஸ்கரினிக் ஏற்பியில் தடுக்கிறது. பீட்டாவோடு எந்தத் தொடர்பும் இல்லை. 500 மைக்ரோகிராம் நெபுலைசரில் சேர்த்தோம். சாதாரண ஆஸ்துமாவில் இது துணைக்கு வருகிற மருந்து. பீட்டா அடைபட்ட ஆளிடம் முன்வரிசைக்கு வந்துவிடுகிறது.

சர்க்கரைக்கு என்று வைத்திருந்த ஊசி

போனில் மருத்துவரிடம் எண்களைச் சொல்லி, ப்ரோப்ரனலோல் என்றதும் அவர் கேட்ட அடுத்த கேள்வி: "குளுக்ககான் எத்தனை இருக்கு?"

இரண்டு. ஒவ்வொன்றும் 1 மி.கி. எங்கள் பையில் அது இருப்பது வேறு வேலைக்கு: சர்க்கரை விழுந்து மயங்கியவருக்கு நரம்பு கிடைக்காதபோது தசையில் போட. கல்லீரலில் சேர்த்து வைத்திருக்கும் கிளைக்கோஜனை உடைத்துச் சர்க்கரையாக வெளியே விடச் சொல்லும் ஹார்மோன் அது. வருடத்தில் நாலு தடவை வெளியே வந்தால் அதிகம்.

அது எப்படி இதயத்துக்கு உதவும்? இதற்கான விடை கல்லீரல் ஆராய்ச்சியில் கிடைத்தது என்பது இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். 1950-களில் சதர்லாண்ட் என்ற ஆய்வாளர், அட்ரினலினும் குளுக்ககானும் இரண்டு வெவ்வேறு ஹார்மோன்களாக இருந்தும் கல்லீரலில் ஒரே விளைவை ஏன் தருகின்றன என்று துருவினார். இரண்டுமே செல்லுக்குள் ஒரே பொருளைப் பெருக்குகின்றன என்று கண்டுபிடித்தார். அந்தப் பொருள்தான் சைக்ளிக் ஏ.எம்.பி. அதற்கு 1971-இல் நோபல். ஏற்பிக்கும் நொதிக்கும் நடுவே ஆள் ஒருவர் இருக்க வேண்டும் என்று ராட்பெல் என்ற இன்னொரு ஆய்வாளர் குளுக்ககானையும் கல்லீரல் செல் சவ்வையும் வைத்தே காட்டினார். அந்த நடு ஆள்தான் ஜி புரதம். அவருக்கும் கில்மனுக்கும் 1994-இல் நோபல். குளுக்ககானுக்கு ஏற்பி தனி. ப்ரோப்ரனலோலால் அதைத் தொட முடியாது. ஆனால் உள்ளே போனதும் தட்டி எழுப்புவது அதே ஜி புரதம், அதே நொதி. இதயத்திலும் அந்த ஏற்பி உண்டு. முன்வாசலில் ப்ரோப்ரனலோல் உட்கார்ந்திருக்க, பக்கவாசல் வழியாக அதே கூடத்துக்குள் நுழைகிற வேலை.

சொல்வது எளிது, ஓடுகிற வண்டியில் கலப்பது எளிதல்ல. குப்பிக்குள் இருப்பது உலர்ந்த வெள்ளைப் பொடி. கூடவே வரும் சிரிஞ்சில் உள்ள திரவத்தைச் செலுத்தி, குப்பியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே உருட்ட வேண்டும். குலுக்கினால் நுரை கட்டி, அளவு எடுக்க முடியாது. பொடி முழுவதும் கரைந்து நீர்போலத் தெளிந்த பிறகே எடுக்க வேண்டும். இது சலைனோடு சேர்ந்தால் படிவு விழ வாய்ப்புண்டு என்பதால், ஓடிக்கொண்டிருந்த குழாயில் விடவில்லை. மறு கையில் இரண்டாவது கேனுலா போட்டு, 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் 10 மி.லி.யாக நீர்த்து, ஐந்து நிமிடத்துக்குப் பரப்பி, அரை நிமிடத்துக்கு 1 மி.லி. வீதம் தள்ளினேன். கூட்டாளி மறுபக்கம் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்து "தள்ளு... நிறுத்து" என்று எண்ணிக்கொண்டே வந்தார்.

வேகமாகத் தள்ளினால் வாந்தி நிச்சயம். மெதுவாகத் தள்ளினாலும் வரும். இவருக்கு மூன்றாவது நிமிடம் வந்தது. முன்கூட்டியே ஒருக்களித்துப் படுக்க வைத்து, சக்ஷன் குழாயைக் கையெட்டும் தூரத்தில் ஓடவிட்டு வைத்திருந்தோம். தொண்டை வீங்கிய, பாதி மயக்கத்தில் இருக்கிற ஒருவர் வாந்தியை மூச்சுக்குழலுக்குள் இழுத்துக்கொண்டால் அட்ரினலினும் காப்பாற்றாது. வாந்தியை அடக்க ஒண்டான்செட்ரான் 4 மி.கி. கொடுத்தோம்.

மருத்துவர் சொன்னபடி இடையில் மூன்றாவது அட்ரினலினும் தொடையில் போனது. குளுக்ககான் தொடங்கிய ஆறாவது நிமிடம் நாடி 70. அழுத்தம் 94/60. பத்தாவது நிமிடம் நாடி 78, விசில் சத்தம் மெலிந்து, செறிவு 95. அவரே கண்ணைத் திறந்து, "வாய் கசக்குது" என்றார். வண்டியில் ஏற்றியபின் அவருடைய முதல் தெளிவான வாக்கியம் அது.

இந்த ஊசியின் ஆட்டம் சின்னது. நரம்பில் போட்டால் ஓரிரு நிமிடத்தில் தொடங்கி, கால் மணி நேரத்துக்குள் தேயத் தொடங்கும். அதனால்தான் 1 முதல் 5 மி.கி. வரை கொடுத்துவிட்டு, நிமிடத்துக்கு 5 முதல் 15 மைக்ரோகிராம் வீதம் தொடர்ந்து ஓட்டச் சொல்கிறார்கள். எங்களிடம் ஓட்ட எதுவும் இல்லை. இரண்டாவது 1 மி.கி.யையும் மெதுவாகத் தள்ளினோம், மருத்துவமனை வாசலில் அழுத்தம் 104/64. அவசரப் பிரிவில் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்ததால் குளுக்ககான் சொட்டு தயாராக இருந்தது. அங்கே சர்க்கரை பார்த்தபோது 196. இந்த மருந்து கொடுத்தால் அப்படித்தான் இருக்கும். அதைக் கண்டு யாரும் இன்சுலினைத் தேடக் கூடாது என்பதற்காகவே ஒப்படைப்புத் தாளில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன்.

குளுக்ககான்தான் காப்பாற்றியதா?

வகுப்பில் எப்போதும் இந்தக் கேள்வி வரும். வர வேண்டும். நான் சொல்லும் பதில்: தெரிந்த வழிமுறைக்குப் பொருந்துகிறது, நிரூபணம் ஆகாது. அதே பதினைந்து நிமிடத்துக்குள் மூன்றாவது அட்ரினலினும் போயிருக்கிறது, ஒரு லிட்டர் சலைன் உள்ளே இருக்கிறது, இப்ராட்ரோப்பியம் வேலை செய்யும் நேரமும் அதுவே. பீட்டா தடுப்பான் (ப்ரோப்ரனலோல் குடும்ப மருந்து) எடுப்பவர்களின் ஒவ்வாமை அதிர்ச்சியில் குளுக்ககானுக்கான ஆதாரம் பெரும்பாலும் இப்படிப்பட்ட தனி நிகழ்வுப் பதிவுகள்தான். எங்கள் பதிவும் அந்தக் குவியலில் ஒன்று. எனக்கு நம்பிக்கை தருவது நாடி திரும்பிய நேரம்தான். இரண்டு அட்ரினலினுக்கும் ஒரு லிட்டர் சலைனுக்கும் 56-இல் கிடந்தது, குளுக்ககான் தொடங்கிய சில நிமிடங்களில் 70-ஐத் தொட்டது. நீதிமன்றத்தில் நிற்காது. அடுத்த முறை கையை அந்தப் பெட்டியின் பக்கம் கொண்டுபோகப் போதுமானது.

கொடுக்காதவை பற்றி இரண்டு வரி. அட்ரோபின் பற்றி யோசித்தோம். அது வேகஸ் போடும் பிரேக்கை எடுக்கும். இவருக்கு அறுந்திருந்தது ஆக்ஸிலரேட்டர், அதனால் தள்ளி வைத்தோம். நாடி 40-க்கு இறங்கியிருந்தால் கொடுத்திருப்போம். ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு வேலை செய்யவே சில மணி நேரம் ஆகும், பிரிட்டனின் 2021 வழிகாட்டுதல் அதை வழக்கமாகக் கொடுக்கவே வேண்டாம் என்கிறது. ஆண்டிஹிஸ்டமின் அரிப்புக்கு, நிலைமை சீரான பிறகு. சில இடங்களில் இன்னும் இந்த இரண்டையும் முதலில் போட்டுவிட்டு அட்ரினலினுக்கு ஆம்பூலைத் தேடுகிறார்கள்; வரிசை தலைகீழ்.

பிறகு

மருத்துவமனையில் எடுத்த ரத்தத்தில் டிரிப்டேஸ் உயர்ந்திருந்தது. மாஸ்ட் செல்கள் வெடித்ததற்கான சாட்சி அது. சில மணி நேரம் கழித்து அறிகுறி திரும்பி வரக்கூடும் என்பதால் இரவு முழுவதும் கண்காணிப்பில் வைத்தார்கள், திரும்பவில்லை. நடுக்கத்துக்கு வேறு மருந்து பார்க்க நரம்பியல் மருத்துவரிடமும், குளவி நஞ்சு ஒவ்வாமைக்கு அந்தத் துறை மருத்துவரிடமும் அனுப்பினார்கள். தானே போட்டுக்கொள்ளும் அட்ரினலின் பேனா ஒன்றையும் எழுதிக் கொடுத்தார்கள்.

எங்கள் பக்கத்தில் மாறியது இரண்டு. நோயாளி விவரத் தாளில் 'தற்போதைய நோய்கள்' என்ற கட்டத்துக்கு மேலே ஒரு வரி கையால் சேர்த்தோம்: விழுங்குவது, கண்ணில் விடுவது, உறிஞ்சுவது எல்லாம் காட்டச் சொல்லவும். ஒப்புக்கு எழுதியது போலத் தெரிந்தாலும், அடுத்த சில வாரங்களிலேயே ஒரு பாட்டியின் தலையணைக்கடியில் இருந்து டிமோலால் குப்பி ஒன்று வெளியே வந்தது. அவருக்கு வந்தது வெறும் தலைச்சுற்றல். நாடி 46.

இன்னொன்று மருந்து நிரப்பும் பட்டியல். குளுக்ககானுக்கு எதிரே 2 என்று இருந்தது. அன்று இரவே 5 வேண்டும் என்று காரணத்தோடு எழுதிக் கொடுத்தேன். 3 வந்திருக்கிறது.